கட்டுப்பரிசல்

சாரதாமணி பரிசலை விட்டு இறங்கியதும் துறைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒம்பது," என்றாள்.

அவள் கணவர் ரத்தினசாமி குடையை நீட்டினார். "எதைச் சொல்றே?"

"ஒம்பது தடவை சுத்துச்சுங்க. சென்னிமலை ஒம்பது தடவை முன்னால வந்துச்சு, ஒம்பது தடவை பின்னால போச்சு. மெஷினை இதுல ஏத்தக் கூடாது."

பரிசல்காரர் சின்னான் துடுப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். "பரிசல்னா சுத்துமுங்கம்மா. வட்டமா இருக்கறது சுத்தாம என்ன பண்ணும்?"

"மனுசங்க சுத்தலாம். மெஷின் சுத்தக் கூடாது."

கல்லை அவள் இன்னும் விடவில்லை.

மெஷின் என்றது பனியன் துணி பின்னும் வட்ட மெஷினை. வெள்ளியம்புதூருக்கு 1961 தை மாதம்தான் மின்சாரம் வந்தது. ரத்தினசாமியின் வீட்டில் நான்கு கைத்தறி இருந்தன. இரண்டை விற்றார். சாரதாமணியின் வளையல்களும் போயின. கல்கத்தாவில் ஓடிப் பழகிய ஒரு மெஷின் மரப்பெட்டிக்குள் ரயிலேறித் திருப்பூர் வந்து சேர்ந்தபோது ஐப்பசி ஆகிவிட்டது. மாட்டுவண்டி அதை ஏற்றிக்கொண்டு நொய்யல் கரைக்கு வந்தது. தரைப்பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. வண்டிக்காரர் பெட்டியை வடகரைத் துறையின் கொட்டகையில் இறக்கிவிட்டுத் திரும்பினார். ஊர் தென்கரையில் இருந்தது.

சுற்றிக்கொண்டு காங்கயம் ரோடு வழியாகவும் வரலாம். ஆனால் ரோட்டிலிருந்து ஊர்வரை மூன்று மைல் களிமண். மழையில் ஆள் நடக்கலாம். வண்டி அச்சுவரை இறங்கிவிடும்.

மெக்கானிக் மயில்சாமி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று விட்டால் அடுத்த மாதம்தான். கொட்டகைக்குள் சாரல் அடித்தது. ஊசிகளில் துரு ஏறிவிட்டால் மெஷின் வெறும் இரும்பு.

அதனால் புதன்கிழமை காலை மழை விட்ட நேரம் பார்த்து சாரதாமணி வடகரைக்குப் போய்ப் பூஜை போட்டாள். பெட்டியின் ஒரு பக்கத்தில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. அதுதான் முகம் என்று எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். திரும்பி வரும்போதுதான் பரிசல் ஒன்பது தடவை சுற்றியது.

ரத்தினசாமியின் குடும்பத்தில் ஒரு முறை இருந்தது. நெய்கிறவர் உட்காரும் பக்கம் தறியின் முகம். தறி இடம் மாறும்போது, பொட்டு வைத்த பிறகு, புது இடத்தில் இறக்கும்வரை அந்த முகம் சென்னிமலை முருகனைப் பார்த்தபடியே போக வேண்டும். தெரு திரும்பினால் தூக்குகிறவர்கள் திரும்புவார்கள். தறி திரும்பாது. பக்கவாட்டில் போகும். சில இடங்களில் பின்பக்கமாகப் போகும். ஒருமுறை சந்து குறுகலாக இருந்ததால் ஒரு சுவரையே இடித்தார்கள். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுத் தறி எதுவும் மலைக்கு முதுகு காட்டவில்லை.

மெஷின் தறி இல்லையே என்று ரத்தினசாமி சொல்லிப் பார்த்தார்.

"துணி குடுக்குதுல்லீங்க?" என்றாள் சாரதாமணி.



*

சின்னானுக்கு ரோஷம் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது.

தரைப்பாலம் வருவதற்கு முன் ஆற்றில் தண்ணீர் ஓடிய மாதங்களில் எல்லாம் அங்கே பரிசல் ஓடியது. சின்னானின் மாமனார் சுப்பையன் நடத்தினார். மூங்கில் பின்னல், அதன் மேல் மாட்டுத்தோல், தோலுக்குப் புங்கெண்ணெய். சந்தை ஆடுகள், பருத்தி மூட்டைகள், நூல் கட்டுகள், கல்யாணக் கூட்டம் எல்லாம் அதில் கடந்தன. பாரம் பெரிதாக இருந்தால் சுப்பையன் இரண்டு பரிசல்களைச் சேர்த்துக் கட்டுவார். அதற்குக் கட்டுப்பரிசல் என்று பெயர். மாட்டுவண்டியைச் சக்கரத்தோடு ஏற்றுவார். ஒற்றைப் பரிசல் சுற்றும். கட்டுப்பரிசல் சுற்றாது.

சுப்பையன் 1953இல் இறந்தார். ஒரு பரிசல் மகன் அங்கமுத்துவுக்கு வந்தது. இன்னொன்று மகள் குப்பாயியைக் கட்டிய சின்னானுக்கு. அதே வருஷம் தரைப்பாலமும் வந்தது. அதன் பிறகு பாலம் முழுகும் நாட்களில் மட்டும்தான் பரிசலுக்கு வேலை. வருஷத்துக்கு முப்பது நாள் இருக்கும். முப்பது நாளுக்கு இரண்டு பரிசல்காரர்கள். மேல்துறையில் சின்னான். இருநூறு அடி தள்ளிக் கீழ்துறையில் அங்கமுத்து.

முதல் வெள்ளத்திலேயே அங்கமுத்து கரையில் நின்று சத்தம் போட்டார். "அந்தப் பரிசல்ல ஏறாதீங்க. அவரு துடுப்புப் போடறதில்ல, மாவாட்டறாரு."

ஜனங்கள் சிரித்தார்கள். பெயர் நின்றுவிட்டது. குழந்தைகள்கூட சின்னானை ஆட்டாங்கல்லு மாமா என்றார்கள்.

சொன்னது பொய்யில்லை என்பதுதான் சின்னானுக்கு அதிகம் வலித்தது. அவருக்கு வலக்கை பலம். பரிசல் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் சுற்றும்.

எட்டு வருஷமாக மச்சானும் மாப்பிள்ளையும் பேசவில்லை. குப்பாயி இருவரிடமும் பேசினாள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோக மட்டும் மறுத்துவிட்டாள். "எனக்கு வேற சோலியில்லையா?" என்பாள்.

*

புதன்கிழமை மாலையே சின்னான் ஒரு சோதனை வைத்தார். பரிசலில் அம்மிக்கல்லையும் மூன்று மூட்டைக் கல்லையும் ஏற்றினார். ரத்தினசாமியை மலையைப் பார்த்து உட்காரச் சொன்னார்.

"கையை நீட்டி மலையைக் காமிச்சுட்டே இருங்க. கை நகருதான்னு பாருங்கம்மா."

சாரதாமணி கரையில் நின்று பார்த்தாள். குப்பாயியும் வந்து நின்றாள். சின்னான் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்பை முன்னால் முன்னால் இழுத்தார். ரத்தினசாமியின் கை மலையைக் காட்டியது. பிறகு வடகரைப் பனைகளைக் காட்டியது. பிறகு திருப்பூரைக் காட்டியது.

திரும்பி வந்ததும் சின்னான் சொன்னார்: "மூணுதானுங்க! எப்பவும் எட்டு, ஒம்பது. இன்னைக்கு மூணு."

"நல்லாத்தான் போட்டீங்க," என்றாள் சாரதாமணி. மனதாரத்தான் சொன்னாள். "ஆனா ஒண்ணு கூட ஆகாதுங்க."

"கட்டுப்பரிசல் போட்டாச் சுத்தாது," என்றாள் குப்பாயி.

சின்னான் அம்மிக்கல்லை இறக்குவதில் மும்முரமானார்.

ரத்தினசாமி கேட்டார்: "அதுக்கு ரெண்டு பரிசல் வேணுமில்லீங்க?"

"இன்னொண்ணு கீழ்துறையில கவுந்து கிடக்குது," என்றாள் குப்பாயி. "எங்கப்பன் ரெண்டையும் ஒரே மூங்கிப் புதர்ல வெட்டிப் பண்ணுனது. ரெண்டும் ஒரே அளவு."

சின்னான் மனைவியைப் பார்த்தார். "நீ போயிக் கேக்கறதுதானே?"

"நான் கேக்க மாட்டேன். பரிசல் உங்களுக்குத்தான் வேணும்."

"எனக்கெதுக்கு? மொதலியாருக்கு வேணும்."

எல்லாரும் ரத்தினசாமியைப் பார்த்தார்கள்.

*

வியாழக்கிழமை ரத்தினசாமி கீழ்துறைக்குப் போனார். சின்னானும் கூட வந்தார். கடைசி இருபது அடி வரவில்லை. ஒரு பாறையில் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

அங்கமுத்து மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டார். மெஷின், மலை, பொட்டு, ஒன்பது சுற்று. ஒன்பது என்றபோது அவர் வாய் ஒரு பக்கம் போனது.

"மூணுக்குக் கொண்டாந்துட்டாருங்க," என்றார் ரத்தினசாமி.

"அப்படீங்களா? எட்டு வருசத்துல ஆறு கொறைச்சிருக்காரு."

பாறையில் முதுகு அசைந்தது.

"பரிசல் குடுப்பீங்களா?"

"கேக்க வேண்டியவங்க கேக்கட்டும்."

"அவரு அங்கதானுங்க உக்காந்திருக்காரு."

"தெரியுதுங்க. முதுகு தெரியுது."

ரத்தினசாமி நனைந்த மணலில் குந்தினார். "அண்ணா," என்றார். அங்கமுத்து அவரைவிட இளையவர். "அந்தப் பெட்டிக்குள்ள என்ற ரெண்டு தறி இருக்குது. அவ வளையல் இருக்குது. சாரல்ல நனைஞ்சிட்டிருக்குது. இன்னைக்கு மட்டும் அவ நாலு தடவை ஆத்தங்கரைக்கு வந்து பாத்துட்டுப் போயிட்டா."

அங்கமுத்து மூங்கிலைக் கீழே வைத்தார்.

"பரிசலைத் தனியாக் குடுக்க மாட்டேன். நானும் வருவேன். என் பரிசல்ல என் துடுப்புத்தான்."

"ரொம்ப நல்லதுங்க."

"பேச மாட்டேன்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டப் பேசுவேன். நீங்க என்ன பண்ணுனீங்க?"

பாறையிலிருந்து சத்தம் வந்தது. "நானும் பேச மாட்டேன்னு சொல்லுங்க மொதலியாரே."

"அவரும் பேச மாட்டாருங்களாம்," என்றார் ரத்தினசாமி.

"அதுவே போதும்," என்றார் அங்கமுத்து.

*

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பரிசல்களும் வடகரைக்குப் போய்ச் சேர்ந்தன. மழை இல்லை. மேகத்துக்குக் கீழே கிழக்கில் சென்னிமலை சின்னதாகத் தெரிந்தது. தண்ணீர் நேற்றைவிட ஒரு முழம் ஏறியிருந்தது.

கட்ட வேண்டும். அங்கமுத்து கயிற்றை எடுத்தார், ஒரு சுற்றுப் போட்டார், நின்றார். சின்னான் இன்னொரு முனையை எடுத்தார். அவரும் நின்றார். சுப்பையன் கட்டுவதை இருவரும் நூறு தடவை பார்த்திருக்கிறார்கள். ஆனால் கயிற்றைத் தொட்டதில்லை; அந்த நேரத்தில் கரையில் பாரத்தை எடுத்துவைத்துக்கொண்டிருப்பார்கள்.

பரிசலில் கூட வந்திருந்த குப்பாயி கயிற்றை வாங்கினாள். "நான்தானே எங்கப்பனுக்குக் கவுறு புடிப்பேன்," என்றாள். மூங்கில் விளிம்பில் கயிற்றை விட்டு, குறுக்கே இழுத்து, இரண்டு பரிசல்களுக்கும் நடுவில் எட்டு இடங்களில் முடிச்சுப் போட்டாள். தறிக்கூடத்துக் கதவுகள் இரண்டை மேலே பரப்பினார்கள். ஆறு ஆட்கள் பெட்டியைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். குங்குமப் பொட்டு கிழக்கே மலையைப் பார்த்தது.

தண்ணீர் வரும் பக்கத்துப் பரிசலில் அங்கமுத்து நின்றார். போகும் பக்கத்துப் பரிசலில் சின்னான். நடுவில் ஆள் உயரப் பெட்டி. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ரத்தினசாமி கதவின் மேல் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாரம் போதும் என்று குப்பாயி வடகரையிலேயே நின்றுவிட்டாள். தென்கரையில் சாரதாமணி கற்பூரத் தட்டோடு நின்றாள்.

தள்ளினார்கள். கட்டுப்பரிசல் சுற்றவில்லை. கனமாக, ஒரு பெரிய மாடு ஆற்றில் இறங்கியதுபோல, நேராகப் போனது.

"மொதலியாரே," என்றார் சின்னான், "அந்தப் பக்கத்துக்காரரை மொள்ளப் போடச் சொல்லுங்க."

ரத்தினசாமி மறுபக்கம் தலையைத் திருப்பினார். "மொள்ளப் போடச் சொல்றாருங்க."

"காதுல உளுந்துச்சு. நான் மொள்ளத்தான் போடறேன். அவரு தூங்கறாருன்னு சொல்லுங்க."

"தூங்கறீங்களாமுங்க."

"தூக்கத்துலயே அவரை விட நல்லாப் போடுவேன்னு சொல்லுங்க."

ரத்தினசாமி இதைச் சொல்லவில்லை.

"சொன்னீங்களா?"

"சொல்றேனுங்க. ஆத்தைத் தாண்டட்டும்."

நடு ஆற்றில் இழுப்பு அதிகமானது. கயிறுகள் முனகின. ரத்தினசாமி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்ல ஆரம்பித்தார். அதனால் மரத்தை அவர் பார்க்கவில்லை.

அங்கமுத்து பார்த்தார். வேரோடு பிடுங்கிய பனை. மேற்கிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தது. வேர்க்கட்டை முன்னால், ஒரு கல் உருளைபோல.

"மொதலியாரே, மரம்னு சொல்லுங்க!"

"முருகா, முருகா."

"மொதலியாரே!"

"முருகா."

பனை முப்பது அடியில் இருந்தது. அங்கமுத்து துடுப்பால் பெட்டியின் மேல் தட்டினார்.

"மாப்பிளே!"

எட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை. சின்னானின் துடுப்பு ஒரு கணம் தண்ணீரில் நின்றது.

"மரம் வருது மாப்பிளே! சுத்து!"

"சுத்தக் கூடாதுங்களே மச்சான்!"

"மெஷின் ஆத்தோட போயிரும்! சுத்து! மாவாட்டு மாப்பிளே, மாவாட்டு!"

சின்னான் மாவாட்டினார். வலக்கையின் முழு பலத்தையும் போட்டு ஒரே பக்கமாக இழுத்தார். அங்கமுத்து எதிர்ப்பக்கம் குத்தித் தள்ளினார். கட்டுப்பரிசலை அதுவரை யாரும் சுற்றியதில்லை. அது முதலில் தயங்கியது. பிறகு மெல்லத் திரும்பியது. பனை முதலில் அங்கமுத்துவின் பரிசலை உரசியது, அடுத்து சின்னானுடையதை உரசியது, பிறகு வேர்க்கட்டையைக் காட்டிக்கொண்டு சென்னிமலைப் பக்கம் போய்விட்டது. திரும்பிய வேகத்தில் பரிசல் மீதிச் சுற்றையும் முடித்துவிட்டு நின்றது. பொட்டு மறுபடியும் கிழக்கே பார்த்தது.

ரத்தினசாமி கண்ணைத் திறந்தார். "சுத்துச்சுங்களா?"

சின்னான் தென்கரையைப் பார்த்துத் துடுப்புப் போட்டார்.

"கொஞ்சம்," என்றார் அங்கமுத்து.

*

சாரதாமணி கற்பூரத்தைப் பற்றவைக்கவில்லை.

"ஒண்ணு," என்றாள்.

"பனைமரம் வந்துச்சுங்கம்மா," என்றார் சின்னான். "மச்சான்தான் சுத்தச் சொன்னாரு."

"சொன்னது நான். சுத்துனது ஆரு?" என்றார் அங்கமுத்து. "ஓரமா ஒதுங்குனாப் போதும். இவரு முழுச் சுத்துச் சுத்தீட்டாரு."

"சுத்து சுத்துன்னு கத்துனது ஓரமா ஒதுங்கறதுக்கா?"

"உனக்குப் பாதியில நிறுத்தத் தெரியுமா?"

சாரதாமணி பெட்டியை மட்டும் பார்த்தாள். அதன் ஓரத்தைத் தொட்டாள். நனைந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

"வாசல்ல இறக்குங்க," என்றாள். "உள்ள வேண்டாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழக்கத்தில் பக்கவாட்டில்தான் போனார்கள். வாசல் பந்தலில் இறக்கினார்கள். சாரதாமணி உள்ளே போய் அடுப்படியில் உட்கார்ந்தாள். ரத்தினசாமி பின்னால் போய் நின்றார்.

"கோவிச்சுக்கலீங்க," என்றாள் அவள். "மரம் வந்தா என்ன பண்ணுவாங்க? எனக்கும் தெரியுது. இருந்தாலும் நம்மூட்டுல ஒரு தறியும் முதுகு காட்டுனதில்லீங்க. மொத மெஷினே காட்டிருச்சு. தினமும் அதைப் பாக்கறப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வரும்."

வளையல் இல்லாத கையை மடியில் வைத்திருந்தாள். ரத்தினசாமி அந்தக் கையைப் பார்த்தார்.

"உனக்கு மனசு ஒப்பலைன்னா வித்தரலாம்," என்றார். "வீரபாண்டியில ஒருத்தர் கேட்டுட்டிருக்காரு."

"வித்துட்டு?"

"ரெண்டு தறி இருக்குதே."

 அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர் என்பது அவளுக்குத் தெரியும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது மெக்கானிக் மயில்சாமி வந்து சேர்ந்தார். காங்கயம் ரோட்டிலிருந்து மூன்று மைல் சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்திருந்தார். முழங்கால்வரை களிமண். உள்ளே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க, இன்னும் பெட்டியே பிரிக்கலீங்களா? மூணு மணிக்கு நான் கிளம்போணும்."

"இருங்க மயில்சாமி," என்றார் ரத்தினசாமி, வெளியே வந்து. "கொஞ்சம் யோசனையா இருக்குது."

"யோசனையெல்லாம் அப்புறம். ஊசி துருப் புடிச்சிருக்குதான்னு மொதல்ல பாக்கலாம்."

கடப்பாரையைப் பலகை இடுக்கில் விட்டார். ஆணிகள் கத்திக்கொண்டு வந்தன. ஒரு பலகையைக் கழற்றி எடுத்தவர் அதில் இருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் ஆருங்க பொட்டு வெச்சது?"

சாரதாமணி வாசற்படிக்கு வந்திருந்தாள். "நான்தானுங்க. ஏன்?"

"இது முதுகுங்கம்மா. இந்த எழுத்து கல்கத்தாக்காரன் விலாசம். ரயில்காரனுக்குப் போட்டது." அவர் சுற்றிப் போய் எதிர்ப்பக்கப் பலகையைப் பிடுங்கினார். "இங்க பாருங்க. கைப்பிடி இங்க. நிறுத்தற லிவர் இங்க. தகடு இங்க. ஆள் நிக்கற பக்கம் இது. இதுதான் முகம்."

மெஷின் பந்தலுக்கடியில் உட்கார்ந்திருந்தது. கறுப்பாக, வட்டமாக, எண்ணெய் வாசனையோடு. மயில்சாமி விரலால் ஊசிகளைத் தடவினார். "துரு இல்ல. நல்ல மெஷின்."

யாரும் அதைக் கேட்கவில்லை. சாரதாமணி கையை நீட்டி ஏதோ கணக்குப் பார்த்தாள். கிழக்கு, மேற்கு, மறுபடி கிழக்கு.

"அப்படீன்னா," என்றாள், "ஆறு முச்சூடும் இது மலைக்கு முதுகைக் காட்டிட்டேதான் வந்திருக்குது."

ரத்தினசாமி தலையைக் குனிந்துகொண்டார். வீரபாண்டிக்காரரின் பெயர் அவர் நினைவில் வந்தது.

"ஆனா நடு ஆத்துல சுத்துச்சு," என்றாள் சாரதாமணி. குரல் மாறியிருந்தது. "பொட்டு அந்தப் பக்கம் போனப்ப, முகம் இந்தப் பக்கம் வந்திருக்கும். அந்த ஒரு சுத்துலதான் பாத்திருக்குது."

"ஆமாங்க," என்றார் மயில்சாமி, எதற்கு என்று தெரியாமலே.

சாரதாமணி வாசலுக்கு வெளியே பார்த்தாள். சின்னானும் அங்கமுத்துவும் வேலிக்கு அருகில் நின்று இன்னும் பனைமரத்தைப் பற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆருங்க சுத்துனது?" என்று கேட்டாள்.

இருவரும் பயந்துபோய்த் திரும்பினார்கள். "அவருங்க," என்றார்கள் ஒரே குரலில்.

ரத்தினசாமி விஷயத்தைச் சொன்னார். சுற்றியிராவிட்டால் மெஷின் முருகனைப் பார்த்திருக்கவே முடியாது என்றார்.



"நான்தானுங்கம்மா சுத்துனது," என்றார் சின்னான். "என்ற வலக்கை இல்லீனா அந்தக் கட்டை திரும்பியிருக்குமா?"

"சொன்னது ஆரு?" என்றார் அங்கமுத்து. "நான் சொல்லாட்டி நீ கண்ணே திறந்திருக்க மாட்டே."

"கண்ணை மூடுனது மொதலியாரு."

"பாதியில நிறுத்தியிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நல்லாப் பாத்திருக்கும்."

"இப்பத்தான் முழுச் சுத்து எதுக்குன்னீங்க?"

சாரதாமணி அவர்களை விட்டுவிட்டுக் கணவரிடம் திரும்பினாள். "ஒரு தடவை பாத்தாப் போதுமுங்களா?"

ரத்தினசாமி யோசித்தார். அவசரப்படவில்லை.

"நாம தைப்பூசத்துக்குப் போறோம். கூட்டத்துல நசுங்கி ஒரு நிமிசம் பாக்கறோம். அப்புறம் வருசம் முச்சூடும் தறிக்குழியிலதான் உக்காந்திருக்கோம். நமக்கு அது போதுதுல்ல?"

அவள் மெஷினைச் சுற்றி மறுபக்கம் போனாள். கைப்பிடிக்குக் கீழே, தகட்டுக்குப் பக்கத்தில், புதிதாகச் சந்தனம் பூசினாள். குங்குமம் வைத்தாள். கற்பூரத்தை ஏற்றினாள்.

"உள்ள எடுத்துட்டு வாங்க," என்றாள். "எப்படி வேணா வாங்க. அது பாத்துருச்சு."

*

மூன்று மணிக்கு முன்பே மெஷின் ஓடியது. மயில்சாமி சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் அரை அடித் துணி குழாய்போல இறங்கி வந்தபோது சாரதாமணி அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். தையல் இல்லாத வட்டம். அதற்குள் கையை விட்டுச் சுற்றிப் பார்த்துச் சிரித்தாள்.

சின்னானும் அங்கமுத்துவும் காபி குடித்துவிட்டு ஆற்றுக்குப் போனார்கள். பனைமரத்துக்குப் பாதிச் சுற்றுப் போதுமா, முழுச் சுற்று வேண்டுமா என்பதில் அப்போதும் தீர்வு இல்லை.

வடகரையில் குப்பாயி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூட்டிவர வேண்டும் என்பது இருவருக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டுப்பரிசலிலேயே போனார்கள். பெட்டி இல்லாததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. பரிசல் சுற்றவில்லை. நேராகப் போனது.

அவளை ஏற்றிக்கொண்டு தென்கரைக்குத் திரும்பியபோது மாலை ஆகியிருந்தது. அங்கமுத்து தன் பரிசலைக் கீழ்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார். அவிழவில்லை. சின்னான் குனிந்தார். நனைந்த கயிறு இறுகியிருந்தது. எது முதல் முடிச்சு என்றே அவர்களுக்குப் புரியவில்லை.

"மேல இருந்து அவுக்கோணும் மச்சான்."

"எட்டு முடிச்சுல எது மேல? நீ சொல்லு."

"உங்கப்பன் இப்படித்தான் இழுப்பாரு."

"எங்கப்பன் எப்படி இழுப்பாருன்னு எனக்குச் சொல்லித் தர்றயா?"

இருவரும் குப்பாயியைப் பார்த்தார்கள். அவள் துறைக்கல்லில் உட்கார்ந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எட்டு வருசத்துப் பேச்சு இருக்குதுல்ல," என்றாள். "பேசி முடிச்சுட்டுச் சொல்லுங்க. அவுக்கறேன்."